அரைத் தொன் பிக்கப்புக்கு எத்தனை தொன் ஜக்?



சென்ற இதழில் பழைய வாகனம் வாங்கும்போது துருவை எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதை வாசித்தவர்களை வேலைத்தலத்திலும் கோவிலிலும் கண்டபோது ஒருவரும் துருவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஜக்கைப் பற்றித்தான். "அண்ணை, பிக்கப் ஒண்டு எடுத்திட்டன். வின்ரர் ரயரை நானே மாத்தலாம் எண்டு நினைக்கிறன். இது அரைத் தொன் ட்ரக்தானே, காருக்கு வாங்கின ஒன்றரைத் தொன் ஜக் காணாதோ?" என்று ஒரு தம்பி கேட்டார். இதே கேள்வியை வேறு இருவரும் வேறு விதமாகக் கேட்டதால் இம்முறை இதையே எழுதுகிறேன்.

காணாது தம்பி. கிட்டவும் வராது.

நான் மெக்கானிக் அல்ல. ஊரில் ஓ.எல். பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே ஸ்காபரோவில் வாகன உதிரிப்பாகம் அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பிறெஸ் இயந்திரத்தில் நிற்கிறேன். எண்ணெய் அழுத்தத்தில் பாரம் ஏறுவதையும் இறங்குவதையும் நாள் முழுக்கப் பார்ப்பவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இந்த "அரைத் தொன்" என்ற பெயரை விளங்கிக்கொள்ள வேண்டும். அது ட்ரக்கின் நிறை அல்ல. முன்னொரு காலத்தில் வட அமெரிக்காவில், ஒரு பிக்கப் தன் பெட்டியில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைக் கொண்டு அரைத் தொன், முக்கால் தொன், ஒரு தொன் என்று வகை பிரித்தார்கள். இன்றைய ட்ரக்குகள் அதைவிடக் கூடவே ஏற்றும். ஆனால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. போர்ட் எஃப் 150, செவி சில்வராடோ 1500, ராம் 1500 எல்லாம் அரைத் தொன் வகை. 250, 2500 என்று முடிபவை முக்கால் தொன். 350, 3500 என்பவை ஒரு தொன். கொரோலா போன்ற சின்னக் கார் 3,000 றாத்தல் அளவில் நிற்கும்போது, அரைத் தொன் பிக்கப் வெறுமையாகவே 4,000 முதல் 5,500 றாத்தல் வரை நிறுக்கும். முக்கால் தொன் வகை 6,000 ஐத் தாண்டும். டீசல் எஞ்சின் உள்ளவை 7,000 க்கும் மேலே போகும்.

தொன் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் ஊர்ப் பழைய கணக்கில் 20 அந்தர் ஒரு தொன், அதாவது 2,240 றாத்தல். இங்கே கடையில் தொன் என்றால் பெரும்பாலும் 2,000 றாத்தல். எனவே 3 தொன் ஜக் என்றால் 6,000 றாத்தல். ஜக்கின் உடம்பில் ஒட்டியிருக்கும் தாளில் கிலோவிலும் எழுதியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் ட்ரக்குக்கு எவ்வளவு வேண்டும்? சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து பூட்டும் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் ஜீவீடபிள்யூஆர் என்று ஒரு எண் இருக்கும். பாரமும் ஆட்களும் ஏற்றிய பின் ட்ரக் முழுவதும் எவ்வளவு நிறுக்கலாம் என்பதன் உச்ச அளவு அது. அதற்குக் கீழே ஜீஏடபிள்யூஆர் என்று முன் அச்சுக்கு ஒன்றும் பின் அச்சுக்கு ஒன்றுமாக இரண்டு எண்கள் இருக்கும். ஜக் வாங்குபவருக்கு வேண்டியது இந்த இரண்டுந்தான். ஏனென்றால் நாங்கள் முழு ட்ரக்கையும் ஒரே தடவையில் தூக்குவதில்லை. ஒரு முனையைத்தான் தூக்குகிறோம். முன் அச்சுக்கு 3,750 றாத்தல் என்று எழுதியிருந்தால், முன்பக்கம் முழுவதையும் நடுவில் வைத்துத் தூக்கினாலும் அதற்கு மேல் ஜக்கில் ஏறக் கூடாது. அதற்கு 3 தொன் ஜக் தாராளம். முக்கால் தொன் டீசல் ட்ரக்கில் முன் அச்சின் எண் 5,000 ஐத் தாண்டி நிற்பதைக் காண்பீர்கள். அதற்கும் 3 தொன் கணக்குக்குச் சரிவரும் போலத் தெரியும். என்றாலும் உச்ச அளவுக்குக் கிட்டக் கிட்டக் கருவியைப் பாவிப்பது எனக்குப் பிடிக்காது. அவர்கள் 4 தொன் எடுப்பதே நல்லது.

நிறையைப் பார்த்துவிட்டு இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். அதுதான் உயரம். காருக்கு வாங்கும் சின்ன ஜக் 13, 14 அங்குலத்தோடு நின்றுவிடும். பிக்கப்பின் சேசிஸ், அதாவது கீழே நீளமாக ஓடும் இரும்புச் சட்டம், பல ட்ரக்குகளில் நிலத்திலிருந்து அதைவிட உயரத்தில் இருக்கும். முழுதாக ஏற்றிய பிறகும் ஜக்கின் தலை சட்டத்தைத் தொடாமல் நிற்கும். தொட்டாலும் வேறொரு கரைச்சல் இருக்கிறது. சட்டத்தில் வைத்துத் தூக்கினால் சில்லு உடனே எழும்பாது. வில்லும் சுருளும் பாரம் இறங்க இறங்க நீளும், சில்லு கீழே தொங்கிக்கொண்டே இருக்கும். நான்கு ஐந்து அங்குலம் இப்படியே போய்விடும். ஆகவே கடைக்குப் போகுமுன் ரேப்பை எடுத்துச் சட்டத்தின் உயரத்தை அளந்து, அதோடு ஏழு எட்டு அங்குலத்தைக் கூட்டுங்கள். கடையில் "உச்ச உயரம்" என்று பெட்டியில் போட்டிருக்கும் எண் அதைவிடக் கூடவாக இருக்க வேண்டும். எஸ்யூவி, ட்ரக் என்று படம் போட்டு விற்கும் ஜக்குகள் 20 அங்குலத்துக்கு மேலே போகும். தலையில் செருகும் நீட்டுத் துண்டு சிலவற்றோடு வரும். அந்த ஜக்கோடு வந்த துண்டு என்றால் பாவிக்கலாம். அதற்குப் பதிலாக இரண்டு மரத்துண்டை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மரம் வெடிக்கும், வழுக்கும், சரிந்து பறக்கும். வேண்டாம்.

பின்பக்கத்தை அச்சுக் குழாயில் வைத்துத் தூக்கினால் இவ்வளவு உயரம் தேவைப்படாது. அச்சு எழும்பினால் சில்லும் கூடவே எழும்பிவிடும்.

இரும்பு ஜக்கா, அலுமினிய ஜக்கா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இது. இரும்பில் செய்த 3 தொன் ஜக் 80, 90 றாத்தல் வரை நிறுக்கும். அலுமினியம் 55, 60 றாத்தல் வரும். விலை கூட. வீட்டோடு கராஜ் இருப்பவர் இரும்பை வாங்கி ஒரு மூலையில் விடலாம். எம்மவர்களில் புதிதாக வந்தவர்கள் பலர் பேஸ்மன்ரில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஜக்கைப் படியால் தூக்கிக்கொண்டு ஏறவும் இறங்கவும் வேண்டும். வெயர்ஹவுஸில் எட்டு மணித்தியாலம் பெட்டி தூக்கிவிட்டு வருகிறவரின் முதுகு அதற்கும் கணக்கு வைத்திருக்கும். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு நல்ல ஜக் வாங்கி, கராஜ் உள்ளவர் வீட்டில் வைத்துப் பாவிப்பதை நான் கண்டிருக்கிறேன். சீட்டுக் கட்டத் தெரிந்த எங்களுக்கு இது பெரிய காரியமா? ஆளுக்கொரு மலிவு ஜக் வாங்குவதைவிட அது மேல். கனேடியன் ரயர், பிறின்செஸ் ஓட்டோ போன்ற கடைகளின் வாராந்த விளம்பரத் தாளைப் பாருங்கள். பாதி விலைக்கு வரும் வாரங்கள் உண்டு. பனி கொட்டத் தொடங்கிய பிறகு ஓடினால் முழு விலைதான்.

பழைய ஜக் ஒன்றை யாரோ முற்றத்தில் போட்டு விற்கிறார் என்றால், கைபிடியை அடித்து ஏற்றி, பாரத்தோடு சற்று நேரம் விட்டுப் பாருங்கள். தலை மெல்ல மெல்லக் கீழே வந்தால் விட்டுவிட்டு வாருங்கள். அடியில் எண்ணெய் கசிந்திருந்தாலும் அப்படியே. எண்ணெய் குறைந்த ஜக்குக்குப் பிறேக் எண்ணெய் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் றப்பர் வளையங்களை ஊத வைத்துக் கெடுத்துவிடும். ஜக்குக்கென்றே ஹைட்ரோலிக் எண்ணெய் விற்கிறார்கள், விலையும் பெரிதல்ல.

இனி ஜக்கின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். இதை விளங்கிக்கொண்டால் மற்றதை நான் சொல்லத் தேவையில்லை. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால் அந்த அமுக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் போய்ச் சேரும் என்று 17 ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுப் பஸ்கால் என்பவர் கண்டு சொன்னார். ஜக்கில் நாங்கள் கைபிடியால் அமுக்குவது ஒரு சின்னத் தண்டை. அது தள்ளும் எண்ணெய் ஒரு பெரிய தண்டின் அடியில் போய் முட்டுகிறது. பெரிய தண்டின் பரப்பு எத்தனை மடங்கோ, விசையும் அத்தனை மடங்கு. அதற்கு மேல் கைபிடியே ஒரு அலவாங்கு போல நெம்புகிறது. ஆகவே ஒரு பிள்ளை அமுக்கினாலும் ட்ரக் எழும்பும். ஆனால் எழும்பிய ட்ரக்கைப் பிடித்து வைத்திருப்பது எது? ஒரு மெல்லிய றப்பர் வளையமும், வால்வுக்குள் இருக்கும் மிளகளவு உருக்குக் குண்டும்தான். அந்தக் குண்டு இருக்கும் குழியில் ஒரு மணல் துகள் போய் உட்கார்ந்தால் எண்ணெய் பின்னால் ஓடும். ஜக் இறங்கும். புதிய ஜக்குக்கும் இது நடக்கலாம், விலை கூடிய ஜக்குக்கும் நடக்கலாம்.

எங்கள் தொழிற்சாலையில் அச்சு மாற்றும்போது பிறெஸ்ஸின் மேல்பகுதிக்கும் கீழ்பகுதிக்கும் இடையில் உருக்குக் கட்டை ஒன்றை நிறுத்துவோம். மின்சாரத்தை நிறுத்தி, ஆளுக்கொரு பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பொக்கற்றில் வைத்த பிறகும், அந்தக் கட்டை இல்லாமல் ஒருவரும் உள்ளே கை வைக்க முடியாது. வைத்தால் சுப்பவைசர் அன்றே வீட்டுக்கு அனுப்புவார். எண்ணெய் அழுத்தத்தை நம்பி ஒருவனும் கையை நீட்டக் கூடாது என்பதுதான் அந்த விதி. அதே ஆள் சனிக்கிழமை வீட்டு வாசலில் ஜக் மட்டும் தாங்கும் ட்ரக்குக்குக் கீழே தோள் வரைக்கும் நுழைந்து படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால், "ரெண்டு நிமிசந்தானே அண்ணை" என்கிறார். வேலையில் அடிபட்டால் தொழிலாளர் காப்புறுதி இருக்கிறது. வீட்டு வாசலில் நண்பனுக்குச் சும்மா செய்து கொடுத்த வேலையில் அடிபட்டால் அதுவும் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவை அரசாங்கம் பார்க்கும். அடுத்த மாத வாடகையையும், ஊரில் தாய் தகப்பன் பார்த்துக்கொண்டிருக்கும் காசையும் யார் பார்ப்பது? ஒருவர் உழைப்பில் ஓடும் குடும்பங்கள் இங்கே எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே ஜக் வாங்கப் போகிறவர் அன்றே ஒரு சோடி ஸ்ராண்டும் வாங்க வேண்டும். கையில் காசு குறைவு என்றால் ஜக்கைக் கடன் வாங்குங்கள், ஸ்ராண்டைச் சொந்தமாக வாங்குங்கள். மூன்று அல்லது நாலு காலில் நிற்கும், நடுவில் பல் வைத்த தண்டு ஏறி இறங்கும், அந்தச் சாமான்தான். இங்கேயும் தாளை வாசியுங்கள். பல ஸ்ராண்டுகளில் 3 தொன் என்று போட்டிருப்பது ஒன்றுக்கு அல்ல, சோடிக்கு. முக்கால் தொன் ட்ரக் வைத்திருப்பவர் 6 தொன் சோடி எடுக்கட்டும். அதற்கு உயரமும் கூட, பிக்கப்புக்கு அந்த உயரமும் தேவை. பல்லில் பிடிப்பதோடு குறுக்கே ஒரு ஊசியும் செருகும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். 2020 இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவிக் கடை விற்ற 3 தொன், 6 தொன் ஸ்ராண்டுகள் 17 இலட்சம் வரையில் திரும்ப அழைக்கப்பட்டன. பாரத்தில் தண்டு திடீரென்று பல்லை விட்டு இறங்கலாம் என்பதே காரணம். அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றை ஒட்டுக் குறையால் திரும்ப அழைத்தார்கள். எல்லை தாண்டிப் போய் மலிவாக வாங்கி வந்த பழைய ஸ்ராண்டு வீட்டில் இருந்தால் அதன் இலக்கத்தைப் பாருங்கள்.

ஊரில் ஸ்ராண்டா வைத்தோம், கல்லும் கட்டையுந்தானே வைத்தோம் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஊரில் வைத்தது பனங்குற்றி. அது நசுங்குமே தவிர உடையாது, உடைந்தாலும் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் உடையும். இங்கே வேலியோரம் கிடக்கும் ஓட்டைச் சீமெந்துக் கல் அப்படியல்ல. சுவராகக் கட்டும்போது பாரம் பரவலாக இறங்கும், அதற்கு அது நல்ல கல். சேசிஸ் போல ஒரு சின்ன இடத்தில் இரும்பு முட்டினால் ஒரு அறிவிப்பும் இல்லாமல் தூளாகிவிடும்.

தூக்கும் வேலைக்கு வருவோம். இடத்தைத் தெரிவதுதான் பாதி வேலை. மட்டமான, கடினமான நிலம் வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. தரை ஜக்கின் கை நேராக மேலே போவதில்லை, வளைந்து போகிறது. தலை உயர உயரக் கொஞ்சம் பின்னுக்கு நகரும். அதைச் சமாளிக்கத்தான் ஜக்குக்குச் சின்னச் சில்லுகள் வைத்திருக்கிறார்கள். பாரம் ஏற ஏற ஜக் தானாக உருண்டு போக வேண்டும். சரளைக் கல்லிலும் புல்லிலும் அந்தச் சில்லுகள் புதைந்துவிடும். உருள முடியாத ஜக் என்ன செய்யும்? ட்ரக்கை இழுக்கும், அல்லது தலை வழுக்கி வெளியே வரும். வேறு இடமே இல்லை என்றால் முக்கால் அங்குலத் தடிப்பான பிளைவூட் பலகை ஒன்றை விரித்து அதன் மேல் வையுங்கள். தார்த் தரையிலும் வெயில் நாளில் ஸ்ராண்டின் கால் அமிழும், அதற்கும் பலகை வேண்டும். பனிக்கட்டி மேல் ஒருபோதும் வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் கட்டிடங்களின் வாகனத் தரிப்பிடத்தில் திருத்த வேலை செய்ய அநேகமாக விடமாட்டார்கள்.

பெட்டியில் இருக்கும் உப்பு மூட்டை, ஏணி, பெயின்ற் வாளி எல்லாவற்றையும் முதலில் இறக்குங்கள். பிள்ளைகள் வீட்டுக்குள்ளே இருக்கட்டும். கியரைப் பார்க்கில் போட்டு, பார்க்கிங் பிறேக்கையும் இழுத்து, தூக்காத முனையில் இரண்டு சில்லுக்கும் முன்னும் பின்னும் அடைகட்டை வையுங்கள்.

"பார்க்கில் போட்டாச்சு, பிறேக்கும் போட்டாச்சு, பிறகேன் கட்டை?" என்று கேட்கலாம். பார்க் என்பது சில்லைப் பூட்டுவதில்லை. கியர்ப் பெட்டியிலிருந்து பின்னுக்குப் போகும் நீளத் தண்டைத்தான் பூட்டுகிறது. அந்தத் தண்டு பின் அச்சின் நடுவில் உள்ள டிப்பரன்ஷியலில் முடிகிறது. சாதாரண டிப்பரன்ஷியலில் ஒரு பின் சில்லு காற்றில் இருந்தால், அது ஒரு பக்கம் சுற்ற, நிலத்தில் இருக்கும் மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் தாராளமாக உருளும். தண்டு அசையாமலே ட்ரக் நகரும். பார்க்கிங் பிறேக்கும் பின் சில்லுகளில்தான் பிடிக்கிறது. உப்புத் தண்ணீரில் அதன் கம்பி துருப்பிடித்து ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ட்ரக்குகள் நிறைய. பின் சில்லு இரண்டும் மேலே போனால் பார்க்கும் பிறேக்கும் சேர்ந்து ஒரு பிரயோசனமும் இல்லை. முன் சில்லு இரண்டும் சும்மா உருளும்.

எங்கள் வேலைத்தலத்தில் ஒரு தம்பிக்குப் போன வருடம் இதுதான் நடந்தது. அவருடைய வீட்டு ட்றைவ்வே தெருப் பக்கம் சற்றுச் சாய்வு. பின் சில்லு ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, தேத்தண்ணி ஆறுகிறது என்று மனைவி கூப்பிட உள்ளே போயிருக்கிறார். வெளியே பெரிய சத்தம். ட்ரக் இரண்டடி பின்னுக்கு உருண்டு ஜக்கிலிருந்து விழுந்துவிட்டது. பிறேக் தட்டு தார்த் தரையில் நாலு அங்குலம் புதைந்து நின்றது. ஸ்ராண்டும் இல்லை, அடைகட்டையும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் அந்த இடத்தில்தான் அவர் குந்தியிருந்தார். அவருடைய மூத்த மகன் பக்கத்தில் நின்று நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தானாம். அடுத்த நாள் வேலைக்கு வந்தவர் மத்தியானம் வரையில் ஒருவரோடும் கதைக்கவில்லை.

அடைகட்டை வைத்த பிறகு, தூக்குமுன், சில்லு நட்டுகளைக் கால் சுற்று மட்டும் இளக்குங்கள். மேலே தூக்கிய பிறகு நீளக் கம்பி போட்டு உதைத்து இளக்கக் கூடாது. உதைக்கிற உதை ட்ரக்கை ஜக்கிலிருந்து தள்ளும்.

எங்கே வைத்துத் தூக்குவது என்பதை ட்ரக்கோடு வந்த கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். கையேடு இல்லை என்றால் கம்பனியின் இணையத்தளத்தில் எடுக்கலாம், ஆங்கிலம் வாசிக்கக் கஷ்டம் என்றால் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், படம் எல்லாருக்கும் விளங்கும். பொதுவாக முன்பக்கம் சேசிஸ் சட்டத்தில், பின்பக்கம் அச்சுக் குழாயில் சில்லுக்குக் கிட்டே. எஞ்சின் எண்ணெய்ச் சட்டி, கியர்ப் பெட்டியின் அடி, ஸ்டியரிங் கம்பிகள், தகடாக இருக்கும் எந்த இடமும் ஆகாது. ஒன்ராறியோவில் ஓடிய ட்ரக் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. சட்டத்தை ஒரு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டாலோ, துரு தகடு தகடாகக் கொட்டினாலோ அந்த இடத்தில் ஜக்கையும் வைக்க வேண்டாம், ஸ்ராண்டையும் வைக்க வேண்டாம். காற்றில் நிற்கும் சஸ்பென்ஷன் உள்ள புதிய ட்ரக்குகளில், தூக்குமுன் அதை நிறுத்தி வைக்க ஒரு ஜக் மோட் இருக்கும். அதையும் கையேட்டில் பாருங்கள்.

முதலில் இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். எழும்பிப் போய் ட்ரக்கைச் சுற்றிப் பாருங்கள். ஜக்கின் தலை முழுதாகப் பதிந்திருக்கிறதா, ஜக் சரிந்து நிற்கிறதா, அடைகட்டை இறுகி இருக்கிறதா என்று பார்த்த பிறகு மிச்சத்தைத் தூக்குங்கள். வேண்டிய உயரம் வந்ததும் ஸ்ராண்டைச் சட்டத்துக்கோ அச்சுக்கோ கீழே வையுங்கள். வைக்கும்போது கை மட்டும் உள்ளே போகட்டும், தலையும் உடம்பும் வெளியே. பல் பிடித்திருக்கிறதா என்று தண்டை அமுக்கிப் பாருங்கள். பிறகு ஜக்கை மிக மெதுவாக இளக்கி, பாரம் முழுவதையும் ஸ்ராண்டில் இறக்குங்கள். இறக்கிய பின் ட்ரக்கைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளுங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போது விழட்டும். ஜக்கை எடுத்து வைக்க வேண்டாம், தலை சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் பக்கத்தில் நிற்கட்டும். கழற்றிய சில்லைப் படுக்க வைத்துச் சட்டத்துக்குக் கீழே தள்ளிவிடுங்கள். எல்லாமே கைவிட்டாலும் அந்த ரயரின் தடிப்பு ஒரு மனிதனின் நெஞ்சுக்கு இடம் கொடுக்கும்.

துருவில் சில்லு ஒட்டிக்கொண்டு கழராமல் நிற்பது இங்கே வழக்கம். நட்டுகளை முழுதாகக் கழற்றிவிடாமல் இரண்டு மூன்று சுற்றில் விட்டு, ரயரின் பக்கத்தை உள்ளிருந்து வெளியே றப்பர்ச் சுத்தியலால் தட்டுங்கள். கீழே படுத்துக் காலால் உதைக்க வேண்டாம். ட்ரக் ஸ்ராண்டில் நிற்கும்போதுதான் இந்த வேலை.

ட்ரக்கோடு சீற்றுக்குப் பின்னால் வரும் சின்ன ஜக் தெருவில் ரயர் வெடித்தால் மாற்ற மட்டும். அதன் அடி ஒரு தேத்தண்ணிச் சோசர் அளவு. வீட்டில் அதைப் பாவிக்காதீர்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, வருடத்தில் இரண்டு தரம் ரயர் மாற்றவா இவ்வளவு என்று தோன்றினால், அந்த யோசனையும் பிழையல்ல. ஒரு வாகனம் மட்டும் வைத்திருப்பவர் வின்ரர் ரயரைத் தனி றிம்மில் பூட்டி வைத்துக்கொண்டு கராஜில் மாற்றினால் காசும் பெரிதாகப் போகாது, ஜக் வைக்க இடமும் தேடத் தேவையில்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டம். ஒன்ராறியோவில் சட்டம் இல்லை, ஆனால் 2016 இலிருந்து வின்ரர் ரயர் போட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பனிகள் கழிவு கொடுக்க வேண்டும். கேட்டால்தான் தருவார்கள், பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள். ட்ரக்கைக் கொண்டு தொழில் செய்கிறவர்களுக்கு, இரண்டு மூன்று வாகனம் உள்ள வீட்டுக்குத்தான் சொந்த ஜக் கட்டுபடியாகும். பிறேக் வேலையை மட்டும் முறையாகப் பழகாமல் யாரும் தொட வேண்டாம்.

சில்லைத் திரும்பப் பூட்டும்போது நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் கீறுவது போல, கையால் இறுக்குங்கள். ஸ்ராண்டை எடுத்து, சில்லு நிலத்தில் பட்ட பிறகுதான் கடைசி இறுக்கு. அதற்கு அளவு காட்டும் ரோர்க் சாவி ஒன்று வேண்டும். 2004 க்குப் பின் வந்த எஃப் 150 க்கு 150 அடி-றாத்தல், சில்வராடோ 1500 க்கு 140. கொரோலாவுக்கு 76 தான், ஆகவே காருக்கு இறுக்கிய கைக்கணக்கு இங்கே சரிவராது. உங்கள் ட்ரக்கின் அளவைக் கையேட்டில் பார்த்து இறுக்குங்கள். 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு சாவியை எடுத்து எல்லா நட்டையும் இன்னொரு முறை பாருங்கள். வேலைக்குப் போய் வரும் இரண்டு மூன்று நாளில் அந்தத் தூரம் முடிந்துவிடும்.

அடுத்த இதழில் பனி தள்ளும் வேலைக்குப் பிக்கப் ஓட்டுகிறவர்கள் எடுக்க வேண்டிய இன்சூரன்ஸ் பற்றி எழுதுகிறேன். கேள்விகள் இருந்தால் ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள்.